பரணில் கிடக்கும் இரட்டைத் திரையைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் கைபேசி விளையாட்டு மோகம் குறித்துத் தங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றில் தெரியும் கவலை நியாயமானது. ஆனால் மின்னணு விளையாட்டு என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துவதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம்கூடப் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தனியாகவும், மின்விளையாட்டுப் போட்டிகளையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் தனியாகவும் பிரித்துத்தான் பார்க்கிறது. சட்டம் செய்யும் அந்தப் பாகுபாட்டை வீட்டில் நாம் செய்வதில்லை. பிள்ளையின் கையில் ஒளிரும் எதைக் கண்டாலும் பிடுங்கி அலமாரியின் மேல் வைத்துவிடுகிறோம். அப்படிப் பிடுங்கப்பட்டவற்றுள் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுக்கத்தக்க ஒரு பழைய கருவியும் இருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட, இரண்டு திரைகள் கொண்ட டிஎஸ் என்னும் கையடக்கக் கருவியைத்தான் குறிப்பிடுகிறேன். துறைமுகத்தை ஒட்டி வாழும் எங்கள் வடசென்னைக்கு அது கடை வழியாக வந்ததைவிட ஆள் வழியாக வந்ததே அதிகம். கப்பலில் வேலை பார்த்த மாமாவோ, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பாவோ பெட்டியில் கொண்டுவந்திருப்பார். இல்லையென்றால் வெளிநாட்டுப் பொருள்கள் விற்கும் பர்மா பஜாரில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கியதாக இருக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர்ப் பகுதிகளில் எனக்குத் தெரிந்த வீடுகள் சிலவற்றில் அது இன்றும் பரணில், பழைய பாடப்புத்தகங்களுக்கும் ஓடாத டிவிடி பிளேயருக்கும் நடுவே கிடக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணைக் காலி செய்து அதையும் எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

முதல் டிஎஸ் 2004 நவம்பர் 21 அன்று அமெரிக்காவிலும் டிசம்பர் 2 அன்று ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தது. மெலிந்து அழகான டிஎஸ் லைட் 2006-லும், கேமரா பொருத்திய டிஎஸ்ஐ 2008-லும் ஜப்பானில் வெளிவந்தன. எல்லா வகைகளும் சேர்ந்து உலகெங்கும் 15 கோடியே 40 லட்சம் கருவிகள் விற்றன. இத்தனைக்கும் முதல் டிஎஸ்ஸின் வலிமை மிக எளியது: 67 மெகாஹெர்ட்ஸ், 33 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இரண்டு செயலிகள், 4 எம்பி நினைவகம், மூன்று அங்குல அளவில் இரண்டு சிறு திரைகள், அவ்வளவுதான். அதே 2004 டிசம்பரில் சோனி நிறுவனம் பெரிய அகலத் திரையும் பளபளப்பான படங்களும் கொண்ட பிஎஸ்பி கருவியோடு சந்தைக்கு வந்தபோது, நின்டெண்டோவின் கதை முடிந்தது என்று பலரும் கணக்குப் போட்டார்கள். நடந்தது நேர்மாறு.

இந்தத் துணிவுக்கு ஒரு பரம்பரை உண்டு. நின்டெண்டோவில் பணியாற்றிய குன்பெய் யோக்கோய் என்ற பொறியாளர், புத்தம்புது தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், விலை குறைந்து பழகிப்போன தொழில்நுட்பத்தை வேறு கோணத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். அவர் 1980-ல் தொடங்கிய கேம் அண்ட் வாட்ச் என்னும் கையடக்க ஆட்டக் கருவி வரிசையில், 1982-ல் வந்த டாங்கி காங் கருவி மேலும் கீழுமாக இரண்டு திரைகளோடு மடித்து மூடும் அமைப்பில் இருந்தது. இன்று பல விளையாட்டுக் கருவிகளில் காணப்படும் கூட்டல் குறி வடிவப் பொத்தானும் அந்தக் கருவியில்தான் முதலில் இடம்பெற்றது. யோக்கோய் 1997-ல் காலமானார். பின்னர் நிறுவனத்தின் தலைமைக்கு வந்த சத்தோரு இவாத்தா, தாமே கணினி நிரல் எழுதிப் பழகியவர். விளையாட்டையே தொடாத பெரியவர்களையும் ஆடவைக்க வேண்டும் என்று எண்ணினார். கீழ்த்திரையைக் கருவியோடு வரும் பிளாஸ்டிக் எழுதுகோலால் தொட்டு ஆடும்படி அமைத்ததன் பயன் அங்குதான் தெரிந்தது, ஏனெனில் பத்துப் பொத்தான்களைக் கண்டு மிரளும் ஒருவர்கூடப் பேனாவைப் பிடிக்கத் தயங்குவதில்லை.

அந்தத் தொடுதிரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்றைய கைபேசித் திரை விரலின் மின்தன்மையை உணர்வது. ஈரக் கையால் தொட்டால் தடுமாறும். டிஎஸ்ஸின் கீழ்த்திரையில் மேலே மெல்லிய ஒரு படலமும் அடியில் ஒரு தளமும் இருக்கின்றன. அழுத்தும் இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ள, அந்த இடத்தைக் கருவி அறிந்துகொள்கிறது. அதனால் எழுதுகோல் தொலைந்தாலும் கவலையில்லை: நகம் போதும், பேனா மூடியின் முனை போதும், ஈரக் கையும் போதும். எழுதுகோலால் கோடு இழுக்கும்போது அந்தப் படலம் மிக மிக மெலிதாக அமுங்கி மீள்வதை விரல் உணரும். கண்ணாடித் திரையில் வழுக்கிக்கொண்டு போகும் விரலுக்கு அந்த உணர்வு கிடைப்பதில்லை.

இரண்டு திரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு, வரைபடத்தை ஒன்றிலும் ஆட்டத்தை மற்றொன்றிலும் காட்டுவதற்கு என்பது பாதி விடைதான். உண்மையான கெட்டிக்காரத்தனத்தைக் காண விரும்புவோர், 2007-ல் வந்த ‘செல்டா: பேண்டம் ஹவர்கிளாஸ்’ ஆட்டத்தை ஆடிப்பார்க்க வேண்டும். அதில் ஓர் இடத்தில் மேல்திரையில் ஒரு சின்னமும் கீழ்த்திரையில் கடல் வரைபடமும் தெரிகின்றன. சின்னத்தை வரைபடத்தில் பதிக்கும்படி ஆட்டம் கேட்கிறது. எழுதுகோலால் தேய்த்தாலும் பதியாது, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பதியாது. கருவியையே மூடித் திறக்க வேண்டும். மேல்திரை கீழ்த்திரையின் மேல் முத்திரை குத்துவதுபோல் அமர்ந்து எழும்போது வரைபடத்தில் சின்னம் பதிந்திருக்கும். என் அக்காள் மகன் இதற்கு விடை தெரியாமல் ஒரு மாலைப்பொழுது முழுவதும் திணறிவிட்டு, சலித்துப்போய்க் கருவியை மூடிவைத்தான். மறுபடி திறந்தபோது விடை அவனுக்காகக் காத்திருந்தது. ‘அனதர் கோட்’ என்ற மற்றோர் ஆட்டத்தில், இரு திரைகளிலும் பாதிப் பாதியாகத் தெரியும் படத்தைக் கருவியைப் பாதி மடித்து, ஒரு திரையின் பிம்பம் மற்றதில் விழும்படி சாய்த்துப் பார்த்துத்தான் முழுமையாகக் காண முடியும். ஒலிவாங்கியில் ஊதி மெழுகுவத்தியை அணைப்பதும் உண்டு. கருவியின் உடம்பையே புதிரின் ஒரு பகுதியாக்கிய இந்த ஆட்டங்களைக் கைபேசியில் ஏற்றி ஆடலாம் என்று சொல்பவர்கள், கைபேசியை எப்படி மடிப்பார்கள் என்று தெரியவில்லை. மடிக்கும் கைபேசி வைத்திருப்போர் மன்னிக்க.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் மின்சாரமும் இல்லை, கைபேசிக்குச் சிக்னலும் இல்லை. கீழ்வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதால் அங்கிருந்தவர்கள் மேல்மாடிக்கு வந்திருந்தார்கள். கைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகு பிள்ளைகளுக்கு ஒன்றும் ஓடவில்லை. புயல் எச்சரிக்கை வந்தவுடன் வழக்கம்போல் நான் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த டிஎஸ் லைட், அக்காள் வீட்டிலிருந்து வந்திருந்த மற்றொன்று, எதிர்வீட்டார் வைத்திருந்த முதல் வகை டிஎஸ் ஆகிய மூன்றையும் மாடிப்படியில் உட்கார்ந்து கொடுத்தேன். மரியோ கார்ட் என்னும் கார்ப் பந்தய ஆட்டத்தின் அட்டை (ஆட்டம் பதிந்திருக்கும் சிறு வில்லை) ஒன்றுதான் இருந்தது. அதை ஒரு கருவியில் செருகினால், அட்டை இல்லாத மற்றக் கருவிகள் கம்பியில்லாமல் அதிலிருந்தே ஆட்டத்தை இறக்கிக்கொள்ளும்; எட்டுப் பேர் வரை இப்படி ஆடலாம். இரவல் ஆட்டக்காரர்களுக்கு எல்லாப் பாதைகளும் கிடைக்காது, முகமூடி அணிந்த ஒரே உருவம்தான் கிடைக்கும். ஆனால் பந்தயம் பந்தயம்தான். “அங்கிள், நெட்டே இல்ல, இது எப்படி ஓடுது?” என்று எதிர்வீட்டுச் சிறுமி கேட்டாள். இணையம் இல்லாமல் ஒரு கருவி மற்றொன்றோடு பேசும் என்பதே அவளுக்குச் செய்தி. அதன்பின் கருவியிலேயே இருக்கும் பிக்டோசாட் என்ற வசதியைத் திறந்து காட்டினேன். கையால் எழுதியதை அப்படியே பக்கத்துக் கருவிக்கு அனுப்பலாம் என்பதால், தமிழ் விசைப்பலகை எதுவும் இல்லாத அந்தப் பெட்டியில் பிள்ளைகள் தமிழிலேயே எழுதி அனுப்பிக்கொண்டார்கள். முதல் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்குப் போன ஒரு செய்தி, “பால் வந்துச்சா?” என்பது. குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் டிஎஸ் லைட்டின் மின்கலம் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும் என்று நிறுவனம் சொன்னது. பழைய மின்கலம் அவ்வளவு தாங்கவில்லை என்றாலும் மறுநாள் மதியம் வரை பிள்ளைகளைக் கட்டிப்போட்டு வைத்தது.

கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஆட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு படத்தின் தரத்தில் இல்லை, பிழைப்பு முறையில் இருக்கிறது. இலவச ஆட்டம் பிள்ளையின் நேரத்தையும் பெற்றோரின் பணப்பையையும் நம்பியே நடக்கிறது. ஆகவே அது முடியக் கூடாது, நடுவில் விளம்பரம் வர வேண்டும், உயிர் தீர்ந்தால் காசு கேட்க வேண்டும், ஆடாதபோதும் ‘வா’ என்று மணி அடிக்க வேண்டும். டிஎஸ் ஆட்டம் ஒருமுறை விற்ற பொருள். அதிகம் போனால் 512 எம்பி கொள்ளும் அந்தச் சிறு அட்டைக்குள் தொடக்கமும் முடிவும் அடங்கிவிட்டன. அதை ஆடி முடிக்கலாம். முடித்தபின் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். சாப்பிடக் கூப்பிட்டால் கருவியை மூடினால் போதும், ஆட்டம் அப்படியே உறங்கும்; திறந்தால் விட்ட இடத்தில் நிற்கும். மூடியிருக்கும்போது ஆட்டம் யாரையும் கூப்பிடுவதில்லை.

இதனால் டிஎஸ் ஆட்டங்கள் எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. அவசரத்தில் செய்து கடையில் தள்ளிய குப்பைகள் அதில் ஏராளம். 2009-ல் வந்த ‘கிராண்ட் தெப்ட் ஆட்டோ’ வகை ஆட்டம் பெரியவர்களுக்கானது; உறையில் அச்சிட்டிருக்கும் வயது வரம்பைப் பாராமல் கொடுப்பது பெற்றோரின் தவறுதான். தொஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூதா கவாஷிமாவின் பெயரோடு 2005-ல் வந்த மூளைப் பயிற்சி ஆட்டத்தால் மூளை கூர்மையாகும் என்று பலர் நம்பினார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் கருவியைப் புத்தகம்போல் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, கூட்டல் கழித்தல் விடைகளை எழுதுகோலால் எழுதிக்கொண்டே போவது சுகமான வேலை, அறுபது வயதைத் தாண்டிய என் பெரியப்பா அதில் பேரனோடு போட்டி போடுகிறார் என்பதற்கு மேல் அதற்கு வேறு சிபாரிசு தேவையில்லை.

இவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்வதற்குப் பழைய பொருள் மீதுள்ள பாசம் மட்டும் காரணமன்று. டிஎஸ்ஸின் இணையச் சேவையை நிறுவனம் 2014 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. அடுத்து வந்த, கண்ணாடி அணியாமலே முப்பரிமாணம் காட்டிய 3டிஎஸ்ஸின் உற்பத்தி 2020-ல் நின்றது. அதன் இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. சில டிஎஸ் ஆட்டங்கள் நின்டெண்டோவின் வீ யூ என்ற கருவிக்காக இணையத்தில் விற்கப்பட்டன. அந்தக் கடையும் அதே நாளில் மூடியது. இரண்டு திரைக்கென்றே சிந்தித்துச் செய்யப்பட்ட ஆட்டங்களை ஒற்றைத் திரைக் கருவிக்கு மாற்றுவது எளிதன்று என்பதால் அவற்றுள் பெரும்பாலானவை மறுபதிப்பே காணவில்லை. பரணில் இருக்கும் கருவியும் அட்டையும் போனால், அந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் நினைத்த வடிவில் ஆட வழி இல்லை.

நல்ல வேளையாக, இது பழுது பார்க்கத்தக்க கருவி. டிஎஸ்ஸுக்கு முன் நின்டெண்டோ விற்ற கேம் பாய் என்ற கையடக்கக் கருவியின் அட்டைகள் பலவற்றில் ஆட்ட விவரத்தைச் சேமிக்கத் தனி மின்கலம் இருந்தது, அது தீர்ந்தால் சேமித்ததும் போய்விடும். டிஎஸ் அட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. அட்டை ஏறவில்லையென்றால் பெரும்பாலும் உலோக முனைகளில் அழுக்கு. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் சரியாகும். கடற்காற்று வீசும் எங்கள் பகுதியில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கிறது. டிஎஸ் லைட்டின் தோளில் உள்ள எல், ஆர் பொத்தான்கள் தூசியால் வேலை செய்யாமல் போவது வழக்கம். இடுக்கில் ஓங்கி ஊதுவதே பாதி நேரம் வைத்தியம். அதன் கீல் பக்கத்தில் விரிசல் விழுவதும் தெரிந்த குறைதான். மேல்திரைக்குப் போகும் மெல்லிய பட்டைக் கம்பி கீல் வழியாகத்தான் ஏறுகிறது. விரிசலைக் கண்டவுடன் கவனித்தால் திரை தப்பும், அலட்சியம் செய்தால் போய்விடும்.

ஒரு கடையில் பட்ட அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். உடற்கூட்டை மூடியிருக்கும் திருகாணிகளில் சில, சாதாரணக் கூட்டல் தலை கொண்டவை அல்ல. மூன்று பிளவுடைய தலை கொண்டவை. பழுது பார்க்கத் தந்த என் கருவியைக் கடைக்காரர் கையில் கிடைத்த ஸ்குரூடிரைவரால் திருகி, தலைகளை மொழுக்கென்று ஆக்கிவிட்டு, “இது திறக்காது சார், புதுசு வாங்கிக்குங்க” என்று திருப்பித் தந்தார். அதே கருவியை மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு மேசை மட்டும் போட்டு உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர், உரிய கருவியைக் கொண்டு பொறுமையாகத் திறந்து, போர்டில் போயிருந்த சிறு பியூஸை மாற்றி, தேநீர் ஆறும் முன் திருப்பிக் கொடுத்தார். ஆகவே கொடுக்கும் முன், மூன்று பிளவு ஸ்குரூடிரைவர் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

ஜப்பானிலிருந்து வந்த கருவியானால் அதனுடன் வந்த சார்ஜரை நம் வீட்டு மின்செருகியில் சொருகவே கூடாது. அது 100 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டது, நம்முடையது 230. யூஎஸ்பி வழியாக ஏற்றும் கம்பிகள் மலிவாகவே கிடைக்கின்றன. டிஎஸ் லைட்டில் பெரும்பாலும் எந்நாட்டு டிஎஸ் அட்டையும் ஓடும். ஜப்பானியக் கருவியானாலும் திரையில் வரும் பட்டியலை (மெனு) ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது போலி அட்டைகளைக் கவனிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, போக்கிமான் ஹார்ட்கோல்டு, சோல்சில்வர் அட்டைகளில் அகச்சிவப்புக் கதிர் வசதி உள்ளதால் அசல் அட்டை கறுப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் சற்றே ஊடுருவித் தெரியும். சாம்பல் நிறத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம். நூறு ஆட்டங்களை ஒரே அட்டையில் அடைத்து விற்கும் ஆர்4 வகைகளை ஜப்பான் நீதிமன்றம் 2009-லும் இங்கிலாந்து நீதிமன்றம் 2010-லும் தடை செய்தன. பர்மா பஜாரில் அவற்றை வாங்கியவர்களில் பலருக்கு அது போலி என்றே தெரிந்திருக்காது.

எங்கள் தெருக்களில் நற்பணி மன்றங்கள் ஒரு கேரம் பலகையை வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொதுவாக்கியிருக்கின்றன. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் வாகை சூடிய காசிமா இந்த வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண்தான். ஒருவர் வாங்கிய பலகையில் தெருவே ஆடுவது இங்கு யாரும் கற்றுக்கொடுக்காமல் வந்த பழக்கம். ஓர் அட்டையில் எட்டுப் பேர் ஆடும் இந்தக் கருவிக்கும் அதே மேசையில் இடம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. மன்றத்துக்கு நான்கைந்து பழைய டிஎஸ்களும் ஒரு சார்ஜர் வரிசையும், பொறுப்பான ஓர் அண்ணனோ அக்காவோ கையில் ஒரு பதிவேடும் இருந்தால் போதும். பள்ளி விட்டபின் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு, கருவியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளையைப் படுக்கையில் திரை துரத்தாது.

இனி ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் கையடக்க விளையாட்டுக் கருவிகளையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கின்றன. ஆனால் நடைமுறையில், இயங்காத டிஎஸ் ஒன்று காயலான் கடைக்குப் போனால் அதன் லித்தியம் மின்கலமும் கூடவே போகிறது. அதைச் சுத்தியலால் உடைக்கும்போது தீப்பற்றும் அபாயம், வேலை செய்யும் சிறுவனுக்குத்தான். பரணிலிருந்து கருவியை இறக்குவோர் முதலில் பின்புறத்திலுள்ள மின்கல மூடியின் திருகாணியைக் கழற்றி மின்கலத்தைப் பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் சார்ஜில் போடக் கூடாது, குத்தக் கூடாது, வீட்டுக் குப்பையிலும் சேர்க்கக் கூடாது. அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு மின்கலம் போட்டால் கருவி பல நேரம் பிழைத்துக்கொள்ளும். எடுத்த மின்கலத்தை ராயபுரம், தண்டையார்பேட்டை, திரு.வி.க. நகர், திருவொற்றியூர் மண்டலங்களில் எங்கே ஒப்படைப்பது என்பதை, மாநகராட்சியிடம் கேட்டு வார்டு வாரியாகத் தங்கள் நாளிதழில் பொங்கலுக்கு முன்பாக வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை - 600 021.